கால்கரி வேலியோரம் ஊதா மணிப்பூ: காட்டுச் செடியா, களையா?

#1 பனிக்காட்டான்

எல்லாருக்கும் வணக்கம். கனடாவுல, கால்கரியில நாங்க வாங்கின பழைய வீட்டுப் பின்பக்கம் வேலி நீளத்துக்கும் ஊதா நிறத்துல மணி மணியா பூத்துக் கிடக்கு. இடுப்புயரம் வருது. பூவெல்லாம் தண்டுல ஒரே பக்கமா வரிசையாத் தொங்குது. நாங்க எதுவும் நடல, தண்ணிகூட விட்டதில்ல.

பக்கத்து வீட்டுப் பெரியவர், "இது இந்த மண்ணோட பூ, நோஸ் ஹில் பூங்கா பக்கம் போனா நிறைய பாக்கலாம், தொடாதீங்க"ங்கிறார். என் மனைவியோட தோழி பார்த்த உடனே, "பெல்ஃபிளவரா? போச்சு, வீட்டையே முழுங்கிடும்"னுட்டாங்க. படம் மூணு போட்டிருக்கேன். யார் சொல்றது சரி? இந்தச் செடி நிஜமா எங்கே காடா வளருது?

#2 சந்தேகச்சாமி

தண்ணி கேக்கல, உரம் கேக்கல, வருஷா வருஷம் தானா பூக்குது. இதுல உங்களுக்கு என்ன சார் பிரச்சினை? எங்க வீட்டுல காசு குடுத்து வாங்கினதே பூக்க மாட்டேங்குது.

#3 மண்வாசம்

தோழி சொன்னதுதான் சரி, பனிக்காட்டான். நான் எட்மன்டன்ல இருக்கேன், இந்தச் செடியோட பழக்கம் உண்டு. இது கிரீப்பிங் பெல்ஃபிளவர். தாவரவியல் பேர் கம்பானுலா ரபுங்குலோய்டிஸ். பல்லாண்டுச் செடி. பனியில மேல இருக்கறதெல்லாம் காஞ்சு போகும், அடியில உயிர் அப்படியே இருக்கும்.

பெரியவர் சொல்றதும் முழுக்கக் கற்பனை இல்ல. நோஸ் ஹில்ல ஊதா மணிப்பூ இருக்கு, ஆனா அது வேற செடி: ஹேர்பெல், கம்பானுலா ரோட்டுண்டிஃபோலியா. அதுதான் இந்தப் புல்வெளிக்குச் சொந்தம். ரெண்டும் ஒரே பேரினம், நிறமும் கிட்டத்தட்ட ஒண்ணு. அதனாலதான் இந்த ஊர்ல பாதிப் பேர் களையைக் காட்டுப்பூன்னு நெனச்சு வளர்க்கறாங்க.

பிரிச்சுப் பாக்க பூவைப் பாக்காதீங்க, இலையைப் பாருங்க. ஹேர்பெல்லோட தண்டுல இருக்கற இலை புல்லு மாதிரி மெல்லிசா, ஒடுக்கமா இருக்கும். அடியில வட்டமா சில இலை வரும், ஆனா பூக்கற நேரத்துக்குள்ள பெரும்பாலும் காஞ்சு போயிடும். செடியே முழங்கால் உயரம்தான், தண்டு கம்பி மாதிரி, நுனியில நாலஞ்சு பூ அங்கங்க ஆடிட்டு இருக்கும். உங்க படத்துல அடியிலை இதய வடிவத்துல, விளிம்பெல்லாம் பல்லு பல்லா, நீளமான காம்போட இருக்கு பாருங்க. மேல போகப் போக இலை ஒடுங்கி, காம்பு இல்லாம தண்டோட ஒட்டிக்குது. பூ ஒரே பக்கமா வரிசை கட்டுது. மூணாவது படத்துல வாடின பூவோட புல்லி இதழ் பின்னால மடங்கியிருக்கு. இதுக்கு மேல சாட்சி வேண்டாம்.

உறுதி வேணும்னா ஒரு செடியோட பக்கத்துல கொஞ்சம் ஆழமா நோண்டிப் பாருங்க. கிடைக்கறதைப் படம் எடுத்துப் போடுங்க.

#4 பனிக்காட்டான்

நன்றிங்க அக்கா. சாயங்காலம் நோண்டிப் பாக்கறேன். அப்ப இது எந்த ஊர்ச் செடி?

#5 மண்வாசம்

ஐரோப்பா. அங்கிருந்து காக்கசஸ், மேற்கு ஆசியா, மேற்கு சைபீரியா வரைக்கும் இயல்பா இருக்கு. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல ரெண்டு செடிக்குமே ஒரே புத்தகத்துல பேர் வெச்சார். ஹேர்பெல் வடதுருவத்தைச் சுத்தி ரெண்டு கண்டத்துலயும் இருக்கற கூட்டம். (வட அமெரிக்காவுல இருக்கறதைத் தனி இனங்களாப் பிரிக்கணும்னு இப்ப சில வகைப்பாட்டாளர்கள் சொல்றாங்க. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.) கிரீப்பிங் பெல்ஃபிளவர் அப்படித் தானா கடல் தாண்டினது இல்ல. அழகுக்குன்னு தோட்டத்துக்குக் கொண்டு வந்தாங்க, அது வேலியைத் தாண்டிடுச்சு.

#6 நெக்கார்க்கரை

வணக்கம். நான் ஜெர்மனியில, ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறன். வாசிக்கச் சிரிப்பும் வருது, கவலையும் வருது. நீங்கள் களை எண்டு சொல்லுற இந்தச் செடியை நாங்கள் சுவேபிய ஆல்ப் மலைக்கு நடக்கப் போகேக்க நிண்டு பார்க்கிறனாங்கள். அது சுண்ணாம்புக்கல் மலை. காடு முடிஞ்சு புல்வெளி தொடங்கிற அந்த ஓரம், வெயில் பாதி நிழல் பாதி விழுகிற இடம், அதுதான் இந்தச் செடிக்குப் பிடிச்ச இடம். பற்றைகளுக்குள்ள, திராட்சைத் தோட்டத்து வரம்புகளில, ரயில் பாதைக் கரைகளில எல்லாம் கிடக்கும். ஆடி ஆவணியில வந்தால் காணலாம். ஆனால் ஒரு இடத்தையும் மூடிப் படர்ந்து நான் கண்டதில்லை. இஞ்ச நாலு, அங்க ஆறு, இடையில வேற பூக்கள். நிழல் கூடின காட்டுக்குள்ள போனால் வேற மணிப்பூ, இலை செந்தட்டி இலை மாதிரி இருக்கும், அது கம்பானுலா டிரகேலியம்.

தேனீக்களையும் மறக்காதேங்கோ. இஞ்ச மணிப்பூவை மட்டுமே நம்பி இருக்கிற தனித் தேனீக்கள் இருக்கு. கெலோஸ்டோமா எண்டு சின்னஞ்சிறு கறுப்புத் தேனீ, மெலிட்டா இனத்தில ஒண்டு. அதுகள் தங்கட குஞ்சுகளுக்கு வேற பூவின்ர மகரந்தத்தைச் சேர்க்காது. ஆண் தேனீக்கள் இரவில மணிக்குள்ளயே போய்ப் படுக்கும், மழை பெய்தாலும் அதுக்குள்ளதான். விடிய வெள்ளெனப் பூவைப் பொத்திப் பார்த்தால் உள்ளுக்குள்ள கிடக்கும். எல்லாத்தையும் கிண்டி எறியச் சொல்ல முதல் இதையும் யோசிக்க வேணும்.

#7 சந்தேகச்சாமி

நான் சொன்னப்ப யாரும் கேக்கல. ஜெர்மனியிலேர்ந்து சொன்னா கேப்பீங்க.

#8 மண்வாசம்

நெக்கார்க்கரை, நீங்க எழுதினதைப் படிச்சதும் அந்த மலைக்கே கிளம்பணும் போல இருக்கு. அங்க அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு, அதை யாரும் பிடுங்கச் சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கறேன்: உங்க ஊர்ல இந்தச் செடிக்கு ஜெர்மன் பேர் என்ன?

#9 நெக்கார்க்கரை

அக்கா, எங்க வாறீங்கள் எண்டு விளங்குது :) "ஆக்கர் குளோக்கன்புளூம". வயல் மணிப்பூ. ஓம், வயலிலயும் வரும். சண்டையில நீங்கள் ஒரு புள்ளி எடுத்திட்டீங்கள்.

#10 மண்வாசம்

அதேதான். சொந்த ஊர்லயே உழவனுக்கும் தோட்டக்காரனுக்கும் இது தொல்லைதான். "பிறந்த மண்ணுல சாது, வந்த மண்ணுல பேய்"னு ஒரே வரியில முடிச்சுட முடியாது. நீங்க பாக்கற காட்டோரத்துல மண் மெலிசு, சுத்தி நூறு வகைப் புல்லும் பூவும் வேரோட வேர் பின்னிப் போட்டி போடுது. அதே செடியை உரம் போட்டு, தண்ணி பாய்ச்சி, கிளறி வெச்ச தோட்ட மண்ணுல விட்டா ஐரோப்பாவுலயும் படரும். கால்கரியில எல்லாமே தோட்ட மண்ணு, சந்து, வேலியோரம், புல்தரை. நகரத்துக்கு வெளியே ஓடைக்கரைக்கும் காட்டோரத்துக்கும் போனா அங்கேயும் எடம் பிடிச்சு, உள்ளூர்ச் செடியை ஓரம் தள்ளுது. எனக்குக் கோபம் வர்றது அங்கதான். வேலியோரம் பூத்தா எனக்கென்ன?

சட்டமும் இருக்கு. நம்ம ஆல்பர்ட்டா மாகாணத்துக் களைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல ரெண்டு பட்டியல். ஒண்ணு "தடை செய்யப்பட்ட" களைகள், கண்ட இடத்துல அழிச்சாகணும். இன்னொண்ணு "நாக்ஷியஸ்" களைகள், பரவாமக் கட்டுப்படுத்தணும். இது ரெண்டாவது பட்டியல்ல இருக்கு. நிலம் யார் பேர்ல இருக்கோ அவங்க பொறுப்பு. நகராட்சிக் களை ஆய்வாளர் நோட்டீஸ் குடுக்கலாம். பனிக்காட்டான் முந்தின வீட்டுக்காரர் மேல பழி போட முடியாது.

#11 பனிக்காட்டான்

நோண்டிப் பாத்தேன். படம் கீழே. மேல மண்ணுக்கு அடியிலயே வெள்ளையா நூல் நூலா படுத்து ஓடுது, அதைப் பிடிச்சு இழுத்தா சுலபமா வந்துடுது. சரி வேலை முடிஞ்சதுன்னு பாத்தா, அதுக்கும் கீழ தடியா கேரட் மாதிரி ஒண்ணு நேரா கீழே இறங்குது. கையால அசைக்கக்கூட முடியல, களிமண்ணு. கிள்ளினா பால் மாதிரி வடியுது. இது விஷமா?

#12 மண்வாசம்

விஷம் இல்ல. மணிப்பூக் குடும்பத்துல பெரும்பாலும் பால் உண்டு.

அந்தக் கேரட்டுதான் இந்தக் கதையில வில்லன். பிடுங்கறவங்க மேல ஓடற வெள்ளை வேரை உருவிட்டு, சுத்தம்னு போயிடுவாங்க. கீழே இருக்கற கிழங்குல சேமிப்பு இருக்கு, மறுபடி தளிர் விடும். வேர் அறுந்து துண்டாச்சுன்னா துண்டிலிருந்தும் முளைக்கும். அதனால மண்வெட்டியால கொத்தாதீங்க, உழவு மெஷினைக் கிட்டயே கொண்டு போகாதீங்க. ஒரு செடியைப் பத்தாக்கறதுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

#13 ஸ்காபரோவளவு

பனிக்காட்டான் தம்பி, மருந்து அடிக்கலாம் எண்டு யோசிக்கிறீங்களோ? கடையில புல்லுத்தரைக்கு விக்கிற சாதாரண 2,4-டி களைக்கொல்லி இதுக்கு வேலை செய்யாது. டாண்டலியன் செத்துப்போம், இது நிண்டு பார்த்துக்கொண்டிருக்கும். இதின்ர போட்டியாளை நாங்களே கொன்று குடுக்கிற மாதிரித்தான் முடியும்.

எங்களுக்கு ஒன்ராறியோவில அந்த யோசினையே இல்லை. 2009 சித்திரையில இருந்து வீட்டு வளவுக்கு அழகுக்காகக் களைக்கொல்லி அடிக்கிறது தடை. கையும் முள்ளுக்கரண்டியும்தான். (தோட்டத்து முள்ளுக்கரண்டியைச் சொல்லுறன், சாப்பாட்டு மேசையில இருக்கிறதை எடுத்துக்கொண்டு போகாதேங்கோ.)

#14 மண்வாசம்

ஆல்பர்ட்டாவுல அந்தத் தடை இல்ல. கிளைஃபோசேட்ங்கிற களைக்கொல்லி வேலை செய்யும், ஆனா அது பக்கத்துல இருக்கற எல்லாத்தையும் கொல்லும், ஒரு தடவையில முடியவும் முடியாது. தெளிக்காம, இலையில மட்டும் தூரிகையால தடவறவங்க இருக்காங்க. வேலி இடுக்கு, சிமெண்ட் வெடிப்பு மாதிரி தோண்டவே முடியாத இடத்துக்கு அது சரி. மத்தபடி டப்பாவுல எழுதியிருக்கறதைப் படிச்சு அதும்படி செய்யுங்க.

தோண்டறதுன்னா, மழை பெஞ்சு மறுநாள். கார்டன் ஃபோர்க்கைச் செடிக்குத் தள்ளி, ஆழமா இறக்கி, மண்ணோட சேர்த்து நெம்பித் தூக்கணும். கட்டியை உடைச்சுத் துண்டு துண்டாப் பொறுக்கணும். பியோனி, ஐரிஸ் மாதிரி நல்ல செடிக்குள்ள வேர் பின்னியிருந்தா அந்தச் செடியையும் தூக்கி, வேரை அலசி, வெள்ளைத் துண்டையெல்லாம் எடுத்துட்டு வேற இடத்துல நடணும். எடுத்ததை உரக்குழியில போடாதீங்க, பையில கட்டிக் குப்பைக்கு.

முழு வேலியோரத்தையும் ஒரே மூச்சுல தோண்ட உடம்பு ஒத்துழைக்காது. ஒரு ஓரத்துலேர்ந்து ஆரம்பிங்க, மீதியைக் கெட்டியான தார்ப்பாய் போட்டு மூடி வைங்க. ஒரு பருவம் மூடினா போதாது, அடுத்த வருஷமும் கிடக்கட்டும். ஓரத்துல எட்டிப் பாக்கும், அதைக் கிள்ளணும்.

அதுக்கெல்லாம் முன்னாடி இன்னிக்கே செய்ய வேண்டியது: பூத்தண்டு எல்லாத்தையும் வெட்டுங்க. ஒரு செடி 15,000 விதை வரைக்கும் போடும்னு இங்க களைக் குறிப்புகள்ல எழுதியிருப்பாங்க. காய் தலைகீழாத் தொங்கும், காம்பை ஒட்டின அடிப்பக்கத்துல சின்னத் துளை திறக்கும், காத்துல ஆட ஆட விதை தூவிட்டே இருக்கும்.

#15 தேன்குடம்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்டுல ஒரே ஒரு செடிதான் இருக்கு. சுத்துவட்டாரத்துல வேற எங்கேயும் பாக்கல. கம்பானுலா தன் மகரந்தத்தைத் தானே ஏத்துக்காதுன்னு படிச்ச ஞாபகம். அப்ப ஒத்தைச் செடி விதை போடாது, பூவை விட்டு வைக்கலாம்தானே?

#16 மண்வாசம்

நல்ல கேள்வி. நீங்க படிச்சது பாதி உண்மை. இந்தப் பூவோட அமைப்பைச் சொன்னாத்தான் மீதிப் பாதி புரியும்.

மொட்டா இருக்கும்போதே மகரந்தப்பை வெடிச்சு, நடுவுல இருக்கற சூல்தண்டோட ரோமத்துல மகரந்தத்தைப் பூசிடும். பூ விரியும்போது மகரந்தப்பை சுருங்கி வாடிப்போயிருக்கும், சூல்தண்டு மட்டும் மாவு பூசின மாதிரி நிக்கும். தேனீ வந்து அதைத்தான் துடைச்சு எடுத்துட்டுப் போகும். அந்தக் கட்டத்துல பூ ஆண். அப்புறம்தான் நுனியில மகரந்தத்தை வாங்கிக்கற சூல்முடி மூணாப் பிரிஞ்சு விரியும், பூ பெண்ணாகும். தன்னோட மகரந்தம் விழுந்தா செடி அடையாளம் கண்டு தடுத்துடும். நீங்க படிச்சது இதைத்தான்.

ஆனா இந்த இனத்துல ஆய்வு பண்ணிக் கண்டுபிடிச்சது என்னன்னா, பூவுக்கு வயசாக ஆக அந்தத் தடை தளர்ந்துடுது. வெளி மகரந்தம் வராமலே காத்திருந்த பூ, கடைசியில தன்னோடதையே ஏத்துக்கிட்டு விதை போடும். முதல்ல துணை தேடும், கிடைக்கலைன்னா தனியாவே குடும்பம் நடத்தும். புது இடத்துல ஒத்தைச் செடியாப் போய் இறங்கினது ஒரு ஊரையே பிடிக்கறது இப்படித்தான். தேன்குடம், அந்த ஒண்ணை இப்பவே எடுத்துடுங்க. ஒண்ணா இருக்கும்போது எடுக்கறது ஒரு சாயங்கால வேலை.

#17 தேன்குடம்

அடக்கடவுளே. சரிங்க, இந்த வாரமே.

#18 நெக்கார்க்கரை

இந்த விளக்கத்துக்காகவே இழைக்கு வந்தது நல்லது. காட்டோரத்தில எத்தனை தரம் பார்த்த பூ, சூல்தண்டில தூள் ஒட்டியிருக்கிறதைப் பார்த்திட்டு அதுதான் மகரந்தம் உண்டாகிற இடம் எண்டே எல்லாரும் நினைப்பினம்.

ஒரு கேள்வி மட்டும். நான் சொன்ன தேனீக்கள் அங்க இல்லையெண்டால், உங்கட ஊரில பூவுக்கு ஆர் வருகினம்?

#19 மண்வாசம்

குண்டுத் தேனீ வரும், வளர்ப்புத் தேனீ வரும், இன்னும் பொதுவா எல்லாப் பூவுக்கும் போற தேனீக்கள் வரும். வேடிக்கை என்னன்னா, உங்க கெலோஸ்டோமாவுல ரெண்டு இனம் வட அமெரிக்காவோட வடகிழக்குப் பக்கம் ஏற்கெனவே வந்து குடியேறிடுச்சு. செடியைத் தேடித் தேனீயும் கப்பல் ஏறிடுச்சு.

"தேனீக்காக விட்டு வைக்கறேன்"னு இங்க சொல்றவங்ககிட்ட நான் சொல்றது: தேனீக்குப் பூ வேணும்னா ஹேர்பெல் நடுங்க. அதுவும் மணிதான், அதுலயும் தேன் இருக்கு, பக்கத்து வீட்டுக்குப் படையெடுக்காது.

#20 ஸ்காபரோவளவு

நாற்றுக்கடையில "லேடிபெல்" எண்டு அடினோபோரா விக்கிறவை. அச்சா இதே மாதிரி ஊதா மணி. அதெண்டு சொல்லி இதைக் குடுக்கிறதும் நடக்குது. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டில அப்பிடி வந்து, இப்ப மூண்டு வளவில நிக்குது. கடையின்ர பேர் வேண்டாம். பூவைக் கிழிச்சு உள்ள பார்த்தால் பிடிபடும்: அடினோபோராவுக்கு சூல்தண்டின்ர அடியில குழாய் மாதிரி ஒரு வளையம் சுத்தி இருக்கும். கம்பானுலாவுக்கு அது இல்லை.

"காட்டுப்பூ விதைக் கலவை" எண்டு பையில வாறதையும் கவனிச்சு வாங்குங்கோ. எந்த நாட்டுக் காடு எண்டு அதில எழுதியிராது.

#21 சந்தேகச்சாமி

ஒரே கேள்வி, அடிக்க வராதீங்க. கேரட் மாதிரி கிழங்குங்கிறீங்க, விஷமில்லைங்கிறீங்க. சாப்பிடலாமா?

#22 மண்வாசம்

சாப்பிடலாம் :) கிழங்கும் இளம் இலையும் உண்ணக்கூடியதுதான். இலை மென்மையா, பெருசா ருசி எதுவும் இல்லாம இருக்கும். ஆனா பழைய வீட்டு வேலியோரத்துல முந்தி யார் என்ன மருந்து அடிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அந்த மண்ணுலேர்ந்து எடுத்துச் சாப்பிட நான் சொல்ல மாட்டேன். தின்னே தீர்த்துடலாம்னு கணக்குப் போடறீங்கன்னா, அதுவும் நடக்காது.

#23 நெறியாளர்

"கனடாவுக்கு வந்த நாமும் அந்நிய இனம்தானே" என்ற ரீதியில் வந்த மூன்று பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே செடியைப் பற்றி மட்டும் பேசுவோம்.

#24 நெக்கார்க்கரை

நன்றி நெறியாளர். செடிக்குச் சட்டம் ஒண்டு, மனிசருக்குச் சட்டம் வேற.

#25 பனிக்காட்டான்

பூத்தண்டெல்லாம் வெட்டிப் பையில கட்டியாச்சு. பெரியவரைக் கூப்பிட்டு இலை வித்தியாசத்தைக் காட்டினேன். முதல்ல ஒத்துக்கல. அவரே அவர் பக்கம் போய் அடியிலையைக் கிள்ளிப் பார்த்துட்டு வந்து, "அப்ப வேலிக்கு ரெண்டு பக்கமும் சேர்ந்து தோண்டணும்"னார். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. ஒரு பக்கம் மட்டும் தோண்டினா என்ன ஆகும்னு இப்பத்தான் புரியுது, வேலிக்கடியில வேர் ஓடுது.

ஒரு சந்தேகம். புல்தரைக்குள்ளயும் கொஞ்சம் வந்திருக்கு. புல் வெட்டும்போது தானா போயிடுமா?

#26 மண்வாசம்

போகாது. வெட்ட வெட்டப் பூக்காது, அவ்வளவுதான். இலை தரையோட ஒட்டிக்கிட்டு வருஷக்கணக்கா இருக்கும். புல்லை அடர்த்தியா வெச்சுக்கிட்டா வேகம் குறையும். புல்தரையில இருக்கறதைக் கடைசியா வெச்சுக்கங்க. விதை போடாத இடம் காத்திருக்கலாம், விதை போடற இடம் காத்திருக்கக் கூடாது.

#27 பனிக்காட்டான்

சரிங்க அக்கா. சுத்தம் பண்ணின இடத்துல ஹேர்பெல் போடலாம்னு மனைவி சொல்றாங்க. நோஸ் ஹில்ல போய் விதை எடுத்துட்டு வரலாமா?

#28 மண்வாசம்

பூங்காவுல எடுக்கக் கூடாது. உள்ளூர்ச் செடி விதை விக்கறவங்ககிட்ட தாவரவியல் பேர் சொல்லி வாங்குங்க. தோண்டின உடனே விதைக்காதீங்க. அடுத்த வருஷம் முழுக்க அந்த இடம் சும்மா கிடக்கட்டும். விட்டுப்போன கிழங்கு இதய இலையோட தலை தூக்கும்போது சுலபமாத் தெரியும். ஹேர்பெல் நாற்றும் சின்னதுல வட்ட இலையோடதான் வரும், ரெண்டும் கலந்து கிடந்தா பிரிக்கக் கண்ணு நோகும்.

உரம் வேண்டாம். மெலிஞ்ச மண்ணுதான் அதுக்குப் பிடிக்கும், தண்ணி தேங்கக் கூடாது. உங்க களிமண்ணுல கொஞ்சம் சரளை கலந்து மேடாக்குங்க. விதை தூசி மாதிரி இருக்கும், மணலோட கலந்து தூவுங்க. முளைக்க வெளிச்சம் வேணும், அதனால மண் போட்டு மூடாம உள்ளங்கையால லேசா அழுத்தி விட்டாப் போதும்.